எட்டாம் தேதியை ஏற்காத படிவம்

கஸ்தூரிக்குக் காதுதான் கண். ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த தட்டச்சுப் பயிலகத்தில் பன்னிரண்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். அவள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டிருப்பாள். திரும்பாமலே குரல் வரும்.

"நாலாவது மெஷின். ஒரு தட்டு குறையுது."

நாலாவது மெஷினில் இருக்கும் பெண் நாக்கைக் கடித்துக்கொள்ளும். ஒரு சொல்லுக்கு எத்தனை தட்டு என்பது கஸ்தூரிக்கு விரலில் இருந்தது. ஒன்று குறைந்தாலும் தெரியும், ஒன்று கூடினாலும் தெரியும்.

1981இல் அங்கே பயிற்றுநராகச் சேர்ந்தாள். ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் ஹையர் தட்டச்சுத் தேர்வு தேறியவள். கணவர் பால்ராஜுக்குச் சாத்தூர்ப் பக்கம். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வீடு. ஒரே மகள். பரீட்சைக் காலத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் கஸ்தூரி விடுப்பு எடுத்ததில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பயிலகத்து பெஞ்சில் படுக்க வைத்துவிட்டுப் பாடம் எடுத்தாள். அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியவளுக்கு இன்றும் அமைதியான அறையில் தூக்கம் பிடிக்காது.

அவள் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. பட்டியல் அடிக்கும்போது ஒற்றை எண்ணைத் தனியே விடக் கூடாது. எட்டாம் தேதி என்றால் 8 அல்ல, 08. அப்போதுதான் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று நேராக நிற்கும். தனியாக நிற்கும் எட்டைக் கண்டால் சிவப்பு மையில் வட்டம் விழும்.

"ஒத்தைச் செருப்போட கல்யாணத்துக்குப் போவியா? எண்ணும் அப்படித்தான். ஜோடியா அனுப்பு."

ஊரில் எத்தனையோ பேர் அவளிடம் படித்து வேலைக்குப் போனார்கள். வங்கியிலும் தாலுகா அலுவலகத்திலும் இன்றைக்கும் 08 என்று எழுதுகிறவர்களில் பத்துப் பேராவது அவள் கையில் குட்டுப்பட்டவர்கள்.

1995இல் பயிலகம் மூடியது. மெஷின்களை லாரியில் ஏற்றும்போது கஸ்தூரி நின்று எண்ணிக்கை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வாரமே அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வேலை தேடிப் போனாள். அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது.

*

அங்கே அவளுக்கு வேலை கொடுத்த சண்முகசுந்தரத்தின் அலுவலகம் ஒரு பேட்டரிக் கடைக்கு மாடியில் இருந்தது. நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு டெலிபோன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கம்பெனிகளுக்கு விலைப்பட்டியல் எல்லாம் அங்கே டைப் செய்து கொடுப்பார்கள். 1997இல் அதே டெலிபோன் கம்பியில் இன்டர்நெட் வந்தது. ஊரெல்லாம் வெப்சைட் என்று பேசத் தொடங்கியதும் சண்முகசுந்தரம் போர்டில் அந்தச் சொல்லையும் சேர்த்து எழுதினார். எழுதிய பிறகுதான் ஆள் தேடினார். ஆனந்தன் வந்தான். கம்ப்யூட்டர் படிப்புப் படித்தவன், வேகமானவன், நல்ல பிள்ளை. உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டான்.

வெப் பக்கத்துக்கு உள்ளே அடுக்கடுக்காகக் குறிகள் எழுத வேண்டும். ஆனந்தனுக்கு அது அலுப்பு. சண்முகசுந்தரம் கஸ்தூரியைக் கூப்பிட்டார்.

"இதுவும் டைப்பிங்தானேம்மா. இவன் எழுதித் தர்றதைப் பார்த்து அடிச்சிடு."

மூன்று வாரம் பார்த்து அடித்தாள். நான்காவது வாரம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். நெட்ஸ்கேப் என்ற பிரவுசரில் ஒரு மெனுவைத் திறந்தால், உலகத்தில் எவன் செய்த பக்கமானாலும் அதன் உள்ளே எழுதியிருப்பது அத்தனையும் தெரிந்தது. மறைப்பே இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் சமையல்கட்டு வரை போய் மூடியைத் திறந்து பார்க்கலாம் என்பது போல. கஸ்தூரி திறந்து பார்த்தாள். மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் பார்த்தாள். பிறகு ஆனந்தன் எழுதித் தருவதற்குக் காத்திருக்கவில்லை.

அந்த வேலையில் சின்னச் சின்னப் பள்ளங்கள் நிறைய. ஒரு மேற்கோள் குறியை மூட மறந்தால் பாதிப் பக்கம் காணாமல் போகும். பிழை இருக்கும் இடம் ஒன்று, வலி தெரியும் இடம் வேறு. இங்கே அம்பத்தூரில் பளிச்சென்று தெரியும் படம், அமெரிக்காவில் இருக்கும் சர்வரில் ஏற்றியதும் வெறும் கட்டமாக நிற்கும். ஆனந்தன் ஒருநாள் முழுக்க அதோடு மல்லுக்கு நின்றான். கஸ்தூரி பின்னால் வந்து பார்த்தாள்.

"தம்பி, படத்தோட பேர்ல முதல் எழுத்து பெருசு. உள்ள எழுதினது சிறுசு."

"நம்ம மெஷின்ல வருதேக்கா?"

"நம்ம மெஷின் கண்டுக்காது. அங்க இருக்கிறவன் கண்டிப்பானவன் போல."

அன்று முதல் அலுவலகத்தில் எல்லாப் பெயரும் சின்ன எழுத்தில்தான் என்று அவள் வைத்தது சட்டமாயிற்று. அலுவலகத்தைப் பெருக்கி டீ போட்டுத் தரும் வேம்புலியம்மாள் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அங்கேயும் போய் வாத்தியார் வேலை ஆரம்பிச்சிட்ச்சா இது!"

1998 கடைசியில் சண்முகசுந்தரம் அவளை மூலையிலிருந்து எழுப்பி ஜன்னலோரம் உட்கார வைத்தார். பத்திரிகை டைப்பிங் இனி வேண்டாம், வெப் வேலை மட்டும் என்றார். விசிட்டிங் கார்டு அடித்துத் தருவதாகவும் சொன்னார். கஸ்தூரி வீட்டுக்கு வந்து பால்ராஜிடம் சொன்னது ஒரே வாக்கியம்.

"இதுவரைக்கும் அடுத்தவங்க எழுதினதை அடிச்சேன். இப்பதான் நானா எழுதுறேன்."

*

மாங்காட்டில் ஒரு கல்யாண மண்டபம். அதன் முதலாளியின் மகன் அமெரிக்காவில் இருந்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கிருந்தே மண்டபம் பிடிக்க வசதியாக ஒரு வெப்சைட் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். வேலை சண்முகசுந்தரத்துக்கு வந்தது. பக்கங்களைக் கஸ்தூரி எழுதினாள். கல்யாணத் தேதி சரியா என்று பார்க்கும் சின்னப் புரோகிராமை ஆனந்தன் எழுதினான். நாளுக்கு ஒரு கட்டம், மாதத்துக்கு ஒரு கட்டம், வருடத்துக்கு ஒரு கட்டம். கட்டங்களுக்குக் கீழே கஸ்தூரி தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தாள்: நாளும் மாதமும் இரண்டு இலக்கத்தில் எழுதவும், உதாரணம் 05.

தேதி தவறானால் ஒரு சின்னப் பெட்டி குதித்து வந்து, தேதி சரியில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லும். முப்பத்திரண்டாம் தேதி என்று எவனாவது அடித்தால் தடுக்கத்தான் அது.

1999 ஜனவரியில் வெப்சைட் ஓடத் தொடங்கியது. பிப்ரவரி எட்டு, திங்கட்கிழமை. மண்டபத்து மேனேஜர் துலுக்கானம் போன் செய்தார். மாங்காட்டில் பயிர் வைத்த குடும்பம். நிலம் மனையானதும் மண்டபத்தில் மேனேஜர் ஆனவர்.

"இன்னாமா, துபாய்ல இருந்து ஒர்த்தரு போன்ல கத்துறாரு. தேதி போட்டா எடுக்க மாட்டேங்குதாம்."

எந்தத் தேதி என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. கஸ்தூரி அன்றைய தேதியையே அடித்துப் பார்த்தாள். பெட்டி குதித்தது. தேதி சரியில்லை. ஆனந்தனைக் கூப்பிட்டாள். அவன் நின்றபடியே குனிந்து அடித்தான். எடுத்துக்கொண்டது.

"பாருங்க, நல்லாத்தான் கீது."

அவள் அடித்தாள். மறுத்தது. அவன் அடித்தான். எடுத்தது.

"அக்கா, இது உங்க கை ராசி."

வேம்புலியம்மாள் டீ தம்ளரோடு நின்று சுவரில் இருந்த தினசரி காலண்டரைப் பார்த்தாள். "இன்னிக்கு அஷ்டமிமா. மிஷினுக்குக் கூடத் தெரிஞ்சிகீது. கல்யாணத் தேதியை எப்டி எடுக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் ஒன்பதாம் தேதி. அன்றும் கஸ்தூரிக்கு மறுத்தது. காலண்டரில் நவமி. சிரிப்பு இரண்டு மடங்கானது. பத்தாம் தேதி அடித்தபோது எடுத்துக்கொண்டது. சண்முகசுந்தரம் அதைக் கல்லூரி நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார், தங்கள் வெப்சைட் பஞ்சாங்கம் பார்க்கிறது என்று.

கஸ்தூரி மட்டும் சிரிக்கவில்லை. ஆனாலும் விட்டுவிட்டாள். அதை அவள் பிறகு தன் குற்றமாகவே சொன்னாள்.

*

மார்ச் எட்டு. அதுவும் திங்கட்கிழமை. துலுக்கானம் குமணன்சாவடி வழியாக டிவிஎஸ் ஃபிஃப்டியை விரட்டிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. கையில் மண்டபத்து டைரி.

"சார், வைகாசி ரொம்பிட்ச்சி. ஆனியும் ரொம்பிட்ச்சி. ஆடியில எவனும் கேக்க மாட்டான், சரி. ஆவணி? ஒண்ணு, ஒரே ஒண்ணு வர்ல! மத்த மண்டபத்துலல்லாம் ஆவணி முகூர்த்தத்துக்கு அடிதடி. நம்ம ஊட்டு வாசல்ல காக்கா கூட இல்ல."

"கம்ப்யூட்டர்ல வர்றது ஒரு பகுதிதானே?" என்றார் சண்முகசுந்தரம்.

"அட, கேளு சார். சிங்கப்பூர்ல ஒரு குடும்பம். ஜோசியரு குறிச்ச தேதியைப் போட்டா, தேதி சரியில்லன்னு உங்க பொட்டி சொல்லிகீது. அந்தப் பையனோட அம்மா மயக்கம் போட்டு உயுந்துட்ச்சாம். அபசகுனம்னு சொல்லி மண்டபத்தையும் மாத்திட்டாங்க, தேதியையும் மாத்திட்டாங்க. கல்யாணம் பண்ணப் போறவங்கிட்ட தேதி சரியில்லன்னு சொன்னா வௌங்குமா சார்?"

சண்முகசுந்தரத்தின் முகம் சுருங்கிப்போனது. ஆனந்தனைப் பார்த்தார். ஆனந்தன் அவர் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து ஒரு ஆவணித் தேதியை அடித்துக் காட்டினான். எடுத்துக்கொண்டது.

"புரோகிராம் சரியாத்தான் கீது சார். பக்கத்துலதான் எங்கேயோ."

பக்கம் என்றால் கஸ்தூரி.

சனிக்கிழமை வரை துலுக்கானம் அவகாசம் கொடுத்தார். அதற்குள் சரியாகாவிட்டால் மண்டபத்து வேலை வேறு ஆளுக்குப் போகும். அவர் போன பிறகு சண்முகசுந்தரம் கஸ்தூரியிடம் மெதுவாகத்தான் பேசினார். மெதுவாகப் பேசியதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"உன்னைக் குத்தம் சொல்லலைம்மா. அவன் படிச்ச பையன். உனக்கு இது புதுசு. சனிக்கிழமைக்கு அப்புறம் பழையபடி பத்திரிகை வேலையே பாத்துக்கோ. மூலை டேபிள் காலியாத்தான் இருக்கு."

கஸ்தூரி சரி சார் என்றாள். ஜன்னலோர நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். காலண்டரைப் பார்த்தாள். அன்றைய தேதியை அடித்தாள். மறுத்தது. ஆனால் காலண்டரில் அஷ்டமி இல்லை. சஷ்டி. அஷ்டமி புதன்கிழமைதான், பத்தாம் தேதி. பத்தாம் தேதியை அடித்தாள். எடுத்துக்கொண்டது.

பஞ்சாங்கம் பார்க்கவில்லை. அப்படியானால் எதைப் பார்க்கிறது?

*

மறுநாள் ஆனந்தனைக் கூப்பிட்டாள். எட்டாம் தேதியை அடிக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, கோவமா?"

"அடி தம்பி."

அவன் அடித்தான்.

"மறுபடி அடி."

அடித்தான். அவள் திரும்பினாள்.

"உனக்கு ஆறு தட்டு. எனக்கு எட்டு."

ஆனந்தனுக்குப் புரியவில்லை. அவள் விரலை மடக்கிக் காட்டினாள். நாளுக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, வருடத்துக்கு நாலு. எட்டு தட்டு. அவன் அடித்ததில் இரண்டு குறைந்தது. அவசரக்காரன், 08 என்று அடிக்கமாட்டான், 8 என்று அடித்து அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடுவான். கட்டத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்த வரியை அவன் ஒருநாளும் படித்ததில்லை. வெளிநாட்டில் இருந்தவர்கள் படித்தார்கள். படித்து, சொன்னபடி கேட்டு, இரண்டு இலக்கமாக எழுதினார்கள்.

கஸ்தூரி ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டாள். 01 முதல் 31 வரை ஒவ்வொரு நாளாக அடித்துப் பார்த்து டிக் போட்டாள். 01 சரி. 02 சரி. 07 வரை சரி. 08, 09 தவறு. 10 சரி. அதற்கு மேல் எல்லாம் சரி. பிறகு மாதம். அங்கேயும் 08, 09 மட்டும் தவறு. ஆகஸ்ட், செப்டம்பர். ஆடிப் பிற்பகுதியும் ஆவணி முழுவதும் அந்த இரண்டு மாதத்துக்குள் அடங்கின. ஆடியில் யாரும் மண்டபம் கேட்பதில்லை, அதனால் அது தெரியவில்லை. மற்ற மாதங்களில் எட்டும் ஒன்பதும் அஷ்டமி நவமிச் சிரிப்பில் போயின. ஆவணிதான் காட்டிக்கொடுத்தது.

ஆனந்தன் தாளைப் பார்த்து வாயைப் பிளந்தான். உடனே வழியும் சொன்னான்.

"அந்த ரெண்டு இலக்கம்ன்ற வரியை எடுத்துடுங்கக்கா. ஒத்தை எட்டுன்னா எடுக்குது இல்ல? முடிஞ்சது கதை."

அவள் அதை ஒரு நிமிடம் யோசித்தாள். வரியை எடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் எழுதிய வரியால்தான் இத்தனையும் என்பதும் தெரியாது. ஜன்னலோர நாற்காலியும் தப்பிக்கும்.

"வரியை எடுக்கலாம். பழக்கத்தை எடுக்க முடியுமா? பாங்க்ல, ரயில்ல, பாஸ்போர்ட்ல எல்லாம் ரெண்டு கட்டம். எவனாவது 08 போடத்தான் செய்வான். போட்டவனுக்கு தேதி சரியில்லைன்னுதான் வரும்."

"அதுக்கு இன்னா பண்றது?"

"07 எடுக்குது. 08 எடுக்கலை. ஏன்னு தெரியணும்."

*

புதன்கிழமை சாயங்காலம் பால்ராஜ் குக்கரைக் கழற்றிப் போட்டு அதன் ரப்பர் வளையத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். கஸ்தூரி வெங்காயம் நறுக்கிக்கொண்டே நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் பாதி கேட்டார், பாதி குக்கரைப் பார்த்தார்.

"எட்டும் ஒம்போதும் தெரியாத மெஷின் எங்ககிட்ட ஒண்ணு இருந்துச்சே," என்றார்.

கத்தி நின்றது. "என்னது?"

"எண்பத்தி மூணு, நாலு இருக்கும். வெளிநாட்டுக் கடைசல் மெஷின். கூடவே பீரோ கணக்கா ஒரு கம்ப்யூட்டர். எண் எல்லாம் ஏழு வரைக்கும்தான். ஏழுக்கு அடுத்து பத்து. எட்டு, ஒம்போதுக்கு எழுத்தே கிடையாது. ஆரம்பத்துல நாங்க எட்டுன்னு எழுதிக் கொடுத்துட்டு முழிச்சிருக்கோம்."

"இதை ஏங்க இத்தனை நாளாச் சொல்லலை?"

"நீ எப்போ கேட்ட? வெங்காயம் கருகுது பாரு."

வெங்காயம் இன்னும் சட்டிக்கே போகவில்லை. அது அவர் வழக்கம்.

ஆனந்தனிடம் தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகம் இருந்தது, அவன் எழுதும் கம்ப்யூட்டர் மொழிக்கு. மானிட்டரை உயர்த்தி வைக்க அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை காலையில் கஸ்தூரி மானிட்டரைத் தூக்கிப் புத்தகத்தை உருவினாள். பால்ராஜ் சொன்ன, ஏழோடு நிற்கும் எண்முறைக்கு எட்டின் கணக்கு என்று பெயர்; பின்பக்கச் சொல்லடைவில் அது எங்கெல்லாம் வருகிறதோ அந்தப் பக்கங்களை வரிசையாகத் திறந்தாள். மூன்றாவது இடத்தில் இருந்தது. பொடி எழுத்து, அடிக்குறிப்பு.

எழுத்தாக வரும் எண்ணை எண்ணாக மாற்றும்போது, முன்னால் பூஜ்யம் இருந்தால் அந்த மொழி அதை எட்டின் கணக்கு என்று நினைத்துக்கொள்ளும். எட்டின் கணக்கில் எட்டும் கிடையாது, ஒன்பதும் கிடையாது. ஒன்று முதல் ஏழு வரை அந்தக் கணக்கும் நம் பத்தின் கணக்கும் ஒன்றேதான். அதனால் வெளியே தெரியாது. 08 வந்தால் பூஜ்யத்தைப் படிக்கும், அடுத்து நிற்கும் எட்டை யாரென்று தெரியாமல் அங்கேயே நின்றுவிடும். மிஞ்சுவது பூஜ்யம். பூஜ்யம் எந்த ஊரிலும் தேதி ஆகாது.

மருந்தும் அங்கேயே இருந்தது. பத்தின் கணக்கில் படி என்று சொல்லிவிட வேண்டும். ஒரு காற்புள்ளி, ஒரு பத்து. இரண்டு இடத்தில். தட்டுகளாகப் பார்த்தால் மொத்தம் ஆறு.

கஸ்தூரி ஆனந்தனைக் கூப்பிட்டுப் பக்கத்தைக் காட்டினாள். அவன் படித்தான். மறுபடி படித்தான். காது சிவந்தது.

"இந்தப் புத்தகத்து மேல ஆறு மாசமா மானிட்டரை வச்சிருந்தேன்க்கா."

"உயரம் நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் கஸ்தூரி.

*

வெள்ளிக்கிழமை பக்கத்தைத் திருத்தி அமெரிக்காவுக்கு ஏற்றினார்கள். கஸ்தூரியின் மெஷினில் எட்டும் ஒன்பதும் ஓடின. சனிக்கிழமை துலுக்கானம் வந்தார். வந்தவரை சண்முகசுந்தரம் தன் அறைக்கே கூட்டிப்போய்த் தன் சொந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். டீ வந்தது. ஆனந்தனும் கஸ்தூரியும் பின்னால் நின்றார்கள்.

"நீங்களே அடிங்கண்ணே," என்றாள் கஸ்தூரி. "எட்டாம் தேதி, ஒன்பதாம் மாசம்."

துலுக்கானம் டைரியைப் புரட்டினார். "அது அமாவாசைக்கு மொத நாளுமா! எவன் கல்யாணம் பண்ணுவான்?"

"யாரும் பண்ண வேண்டாம். அடிங்க."

ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். 0. 8. 0. 9. வருடத்தையும் போட்டுப் பொத்தானை அமுக்கினார்.

பெட்டி குதித்தது. தேதி சரியில்லை.

துலுக்கானம் டீ தம்ளரைக் கீழே வைத்தார். சண்முகசுந்தரம் கஸ்தூரியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் மூலை டேபிள் இருந்தது. ஆனந்தனுக்கு வியர்த்தது. கதவோரம் நின்ற வேம்புலியம்மாள், "இன்னிக்கு இன்னா திதி?" என்று முணுமுணுத்தாள்.

கஸ்தூரி திரையைப் பார்த்தாள். பிறகு யோசித்தாள். பக்கம் திறந்தது மிக வேகமாக. டெலிபோன் கம்பி வழியாக அமெரிக்காவிலிருந்து வரும் பக்கம் ஊர்ந்து ஊர்ந்துதான் வரும். இது கண் சிமிட்டும் நேரத்தில் வந்துவிட்டது. அப்படியானால் இது அமெரிக்காவிலிருந்து வரவே இல்லை.

"சார், இது பழைய பக்கம். திங்கட்கிழமை இதே மெஷின்ல பாத்தீங்க இல்ல? அதை உள்ளயே ஒரு நகல் எடுத்து வச்சிருக்கு. சிக்கனம் பண்ணுது. கொஞ்சம் நகருங்கண்ணே."

குனிந்தாள். இடது கைச் சுண்டுவிரலை ஷிப்ட் விசையில் வைத்துக்கொண்டு, மீண்டும் ஏற்று என்ற பொத்தானை அமுக்கினாள். அப்படி அமுக்கினால் நகலை விட்டுவிட்டு அமெரிக்காவிலிருந்தே புதிதாகக் கொண்டுவரும். மோடத்தின் விளக்குகள் படபடத்தன. பக்கம் மேலிருந்து கீழாக, மாங்காட்டு மண்டபத்தின் வாழைமரம் கட்டிய வாசலோடு, ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக இறங்கி வந்தது.

"இப்ப அடிங்க."

0. 8. 0. 9.

எடுத்துக்கொண்டது. நன்றி சொல்லும் பக்கம் வந்தது. துலுக்கானம் நம்பவில்லை. ஆவணி முகூர்த்தம் ஒவ்வொன்றாக டைரியைப் பார்த்து, தன் பெயரையே போட்டு அடித்தார். ஏழும் எடுத்துக்கொண்டன. அடித்த ஒவ்வொன்றுக்கும் சண்முகசுந்தரத்தின் ஈமெயிலில் ஒரு கடிதம் வந்து விழுந்தது.

"இன்னாமா இது, அல்லா கல்யாணமும் எம்பேர்லயே கீது!"

"அழிச்சிடலாம்ணே. வீட்டுல சொல்லிட வேண்டாம்."

துலுக்கானம் சிரித்த சிரிப்பில் பேட்டரிக் கடைக்காரர் கீழிருந்து எட்டிப் பார்த்தார்.

சண்முகசுந்தரம் கேட்டார், "தப்பு எங்கேம்மா இருந்துச்சு?"

துலுக்கானம் முன்னாலேயே கஸ்தூரி சொன்னாள். "பாதி என்னோடது சார். ரெண்டு இலக்கமா எழுதுங்கன்னு வரி போட்டது நான்தான்."

"மீதிப் பாதியும் அதுக்கு மேலயும் என்னுது சார்," என்றான் ஆனந்தன். "கண்டுபிடிச்சது முழுக்க அக்கா."

அந்த வருடம் ஆவணியில் அந்த மண்டபத்தில் ஒரு முகூர்த்தம்கூடக் காலியில்லை. சிங்கப்பூர்க் குடும்பம் மட்டும் திரும்பி வரவில்லை. கஸ்தூரி அவர்களைப் பற்றி அவ்வப்போது கேட்பாள். கல்யாணம் ஆன பிள்ளைகள் நன்றாக இருப்பதாகத் துலுக்கானம் விசாரித்துச் சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சை விட்டாள்.

விசிட்டிங் கார்டு ஏப்ரலில் வந்தது. ஆனால் அதற்கு முன்பே, அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்களில், வேறொன்று வந்துவிட்டது. மண்டபத்துப் பக்கத்தின் உள்ளே, புரோகிராம் தொடங்கும் இடத்தில், எழுதியவன் பெயராக ஆனந்தன் என்று ஒரு வரி எப்போதும் உண்டு. காலையில் கஸ்தூரி பழக்கப்படி பக்கத்தைத் திறந்து உள்ளே பார்த்தாள். அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. தேதிகள் சரிசெய்தது: பா. கஸ்தூரி. ஆங்கிலத்தில்தான், சின்ன எழுத்தில்தான். அவள் போட்ட சட்டப்படி.

சுண்டுவிரலை ஷிப்டில் வைத்து மீண்டும் ஏற்றினாள். பழைய நகல் இல்லை. அமெரிக்காவிலிருந்தே வந்தது. இருந்தது.

அதைப் பிரிண்டரில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பால்ராஜ் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார், ஒன்றும் புரியாமல். மகள் பாலிடெக்னிக் புத்தகத்துக்குள் அந்தத் தாளை வைத்துக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கவில்லை. மகள் பிறகு எந்தப் படிப்புக்குப் போனாள், எந்த வேலைக்குப் போனாள் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கஸ்தூரி போனது ஓர் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி. இறப்புப் பதிவுக்காக மகள்தான் கம்ப்யூட்டரில் படிவம் நிரப்பினாள். நாளுக்கு ஒரு கட்டம், மாதத்துக்கு ஒரு கட்டம், வருடத்துக்கு ஒரு கட்டம். 09. 08. பிறகு வருடம். எட்டு தட்டு. ஒன்றும் குறையவில்லை.

படிவம் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக்கொண்டது. மகள் கொஞ்ச நேரம் அந்தப் பெட்டிக்காகக் காத்திருந்தாள், தேதி சரியில்லை என்று சொல்லுமா என்று.